வாக்குரிமையும் வர்க்க நலனும்: மலையகத் தொழிலாளர் வரலாற்றை முன்வைத்துச் சில குறிப்புகள்

1931 ஆம் ஆண்டு டொனமூர் அரசியல் திட்டம் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமையை வழங்கிற்று. அதுவரை குடித்தொகையில் ஏறத்தாழ 4 சதவீதத்தினரே வாக்காளராயிருந்தனர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் முதலிய உயர்குழாத்தினர் அதனை எதிர்த்தமை பலரும் அறிந்ததே. ஆயினும், அவ்வுரிமை எவருக்கு, எம்மட்டத்தில் மறுக்கப்பட்டது என வினவும்போதே அதன் வர்க்க உள்ளடக்கம் புலனாகும் என்பது எமது கருத்து.

மறுப்பு உள்ளூர் மட்டத்திலேயே முதலில் உறுதிப்பட்டது. கிராமச் சபைச் சட்டம் 1937 இல் திருத்தப்பட்ட வேளையிலும் தோட்டத் தொழிலாளர் வாக்குரிமைக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டனர். தொழிலாளியும் அயற்கிராமத்து ஏழை விவசாயியும் ஒரே சபையில் இணையும் வாய்ப்பு இதனால் அற்றுப்போயிற்று.

1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களைப் பெற்றது. வேறு தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்கு வலுவூட்டின. ஆளும் வர்க்கம் கண்ட அபாயம் இதுவே. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் 1949 ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் தொழிலாளரிற் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. 1952 இல் அக்காங்கிரஸ் ஓர் ஆசனத்தையேனும் பெறவில்லை. ஆனால் 75,000 மக்களுக்கு ஓர் ஆசனம் என்னும் தொகுதிப் பிரிப்பு விதி, பிரசைகளை மட்டுமன்றி மக்கள் அனைவரையும் கணக்கிட்டது. வாக்கிழந்தோரின் தொகையாற் பெருகிய மலைநாட்டு ஆசனங்களுக்குப் பிறரே உறுப்பினரைத் தெரிந்தனர்.

இதனை இனவாதம் என்று மட்டும் விளக்குதல் போதாது. 1949 இல் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவ்வரசின் அமைச்சராயிருந்தார். 1948 இல் எதிர்த்து நின்ற இடதுசாரி இயக்கமும் இறுதிவரை உறுதியாக நிற்கவில்லை. 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964 ஒப்பந்தம் கைச்சாத்தானபோது லங்கா சமசமாஜக் கட்சி கூட்டரசில் அங்கம் வகித்தது. இவ்வுண்மையை முற்போக்காளர் மறைத்தல் தகாது.

1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்கள் பிரசாவுரிமைப் பிரச்சினையைப் பெரிதும் தீர்த்தன. எனினும் 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாயிருந்தது. தொழிலாளர் வாக்களித்தனர், அவர்கள் தெரிந்த சபையோ லயத்துக்குப் பாதை அமைக்க இயலாதிருந்தது. 2018 இலேயே இது திருத்தப்பட்டது. வாக்குச்சீட்டு கிடைப்பதுடன் வாக்குரிமை முழுமையடைந்துவிடுவதில்லை என்பதனையே இவ்வரலாறு எமக்கு உணர்த்துகின்றது. அது, உழைப்போர் தம் வாழ்விடத்தின் மீது பெறும் அதிகாரத்தாலேயே பொருள் பெறுகின்றது.