ஆர்குட்டும் ஊருக்குப் பத்து மாரியப்பனும்

பள்ளித் தோழர்களைத் தேடித் தருவதற்கென்றே 1995-ல் அமெரிக்காவில் ராண்டி கான்ராட்ஸ் தொடங்கிய தளம் கிளாஸ்மேட்ஸ். நம் பக்கம் அந்த ஆசையைக் கிளப்பியது, 2004 ஜனவரியில் கூகுள் கொண்டுவந்த ஆர்குட்தான் (உருவாக்கிய துருக்கிப் பொறியாளரின் பெயரேதான் தளத்துக்கும்!).

ஆனால் ஆமத்தூர்க்காரர் ஒருவர் அதில் 'மாரியப்பன்' என்று தேடினால்? இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிடும் சீமையில் ஊருக்குப் பத்து மாரியப்பன். நமக்குக் குடும்பப் பெயரும் கிடையாது, வெறும் இனிஷியல். அதனால் பெயரை விட்டுவிட்டு, ஊர், பள்ளி பெயர்களில் இருந்த கம்யூனிட்டிகளில் துழாவ வேண்டியிருந்தது. கல்யாணமாகி இனிஷியல் மாறிய தோழிகளைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். போட்டோ போடவே பல பெண்கள் பயந்த காலம் வேறு.

2014 செப்டம்பர் 30-ல் ஆர்குட்டை மூடினார்கள். ஸ்கிராப்பிலேயே பேசிக்கொண்டு, செல் நம்பர் வாங்காமல், பேஸ்புக்குக்கும் மாறாமல் இருந்தவர்கள் இரண்டாம் முறையும் தொலைந்து போனார்கள்.