சேலம் சமவெளியும் இரட்டைப்படங்களும்

எடப்பாடி, சங்ககிரி வட்டாரங்களோடு இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளையும் உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டத்துக்கு, இராயக்கோட்டையை முன்னிறுத்திய ஓர் ஒளிப்படத் தொகுதி 1858-ல் கிடைத்தது. அதை உருவாக்கிய லின்னேயஸ் டிரைப், சென்னைப் படையின் அதிகாரியாக இருந்து 1856-ல் மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்டவர். சேலம் தொகுதி ஒற்றைப் படங்களால் ஆனது; ஆனால் மதுரைக்கும் திருச்சி, தஞ்சை வட்டாரத்துக்கும் அதே ஆண்டில் அவர் தனியே இரட்டைப்படத் தொகுதிகளையும் வெளியிட்டார்.

இரட்டைப்படத்தின் அடிப்படை இது: ஒரே காட்சி சற்றே விலகிய இரு புள்ளிகளிலிருந்து தெரிவதை இரு படங்களாக்கி, இடப் படத்தை இடக் கண்ணுக்கும் வலப் படத்தை வலக் கண்ணுக்கும் மட்டும் காட்டினால், இரண்டுக்கும் உள்ள சிறு வேறுபாட்டை மூளை ஆழமாக மாற்றிக்கொள்கிறது என்பதை 1838-ல் சார்லஸ் வீட்ஸ்டன் கண்ணாடிகள் பொருத்திய கருவியால் மெய்ப்பித்திருந்தார். அக்கருவியே ஸ்டீரியோஸ்கோப் எனப்பட்டது. இன்றைய மெய்நிகர் தலைக்கருவியும் இதே அடிப்படையில்தான் இயங்குகிறது. பழைய குறையும் அதில் தொடர்கிறது. அருகிலுள்ள பொருளைப் பார்க்க இரு கண்களும் உள்நோக்கித் திரும்பும்போது கண்ணின் வில்லையும் அந்தத் தொலைவுக்கேற்பக் குவிவது இயல்பு. கருவியிலோ கண்கள் வெவ்வேறு தொலைவுகளுக்குத் திரும்ப, வில்லை மட்டும் மாறாத ஒரே தொலைவில் நிலைத்திருக்க வேண்டியுள்ளது. கண் களைத்துப்போவதற்கு இந்த முரண் ஒரு முக்கியக் காரணம்.

ஆழத்தைவிடப் பெரிய மாற்றம் நகர்வில் நேர்ந்தது. தலை ஒரு பக்கம் திரும்பும்போது காட்சி கலங்காதிருக்கக் கண்கள் எதிர்ப்பக்கம் திரும்புகின்றன. உட்செவியின் சமநிலை உறுப்பு இதை இயக்குகிறது. தலையசைவுக்கேற்பப் படத்தை மாற்றும் கருவியை 1968-ல் ஐவன் சதர்லாண்ட் அமைத்த பிறகே, பார்ப்பவர் காட்சிக்குள் திரும்பிப் பார்க்க முடிந்தது. படம் சற்றே பிந்தினாலும் தலைசுற்றல் உண்டாவது, கண்ணும் செவியும் மாறுபட்ட செய்திகளைத் தருவதால்தான். இந்த நகர்வின் தேவையை டிரைப்பும் உணர்ந்திருக்க வேண்டும்: தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சூழ்ந்தோடும் கல்வெட்டை, 21 படங்களை ஒட்டி ஒரே நீள் காட்சியாக்கினார்; படிப்பவர் கண் அதன் மேல் ஊர்ந்தே செல்ல வேண்டும்.

அவர் பதிந்த மதுரையின் இரட்டைப்படங்களை இன்று தலைக்கருவியில் இட்டால், 1858-ன் தூண்கள் அன்றைய ஆழத்தோடு எழுந்து நிற்கும். சேலம் மாவட்டத்துக்கு இது வாய்க்கவில்லை என்பது உண்மையான இழப்பு. ஒற்றைப் படத்திலிருந்து கணினி ஊகித்துச் சேர்க்கும் ஆழம், இரு புள்ளிகளிலிருந்து நேரில் பதிந்த ஆழத்துக்கு ஈடாகாது. டிரைப் இரண்டாம் முறை வந்து அக்குறையை நீக்கவும் வழியில்லாமல் போயிற்று. 1859-ல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரவெல்யன், செலவைக் காரணம் காட்டி அந்தப் பணியையே நிறுத்திவிட்டார்.