பெயர் யாருக்குச் சொந்தம்? ஃப்ளீட்வுட் மேக் குழுவின் கதை

ஃப்ளீட்வுட் மேக் என்றதும் பெரும்பாலானவர்களுக்கு நினைவுக்கு வருவது 1977இல் வெளிவந்து 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற 'ரூமர்ஸ்' ஆல்பம்தான். இரண்டு பெண்கள், மூன்று ஆண்கள், கலிஃபோர்னியா வெயில், காதல் முறிவுப் பாடல்கள். ஆனால் அந்த ஐந்து பேரும் ஒன்று சேர்வதற்கு முன்பே இந்தக் குழு லண்டனில் பிறந்து, சுத்தமான ப்ளூஸ் வாசித்து, மூன்று கிட்டார்க்காரர்களைப் பறிகொடுத்து, தன் பெயரையே இழக்கப் பார்த்து மீண்டிருந்தது. 1967 ஆகஸ்டிலிருந்து 1975 ஜனவரி வரை கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய ஏழரை வருடம். நம்ம ஊர் ஜோசியரிடம் கேட்டால் காரணத்தைச் சட்டென்று சொல்லிவிடுவார்!

அறுபதுகளின் லண்டனில், சிகாகோ கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசை மீது பித்துப் பிடித்துத் திரிந்த வெள்ளைக்கார இளைஞர்கள் ஏராளம். அவர்களுக்குப் பயிற்சிப் பட்டறை மாதிரி இருந்தது ஜான் மேயால் நடத்திய 'ப்ளூஸ்பிரேக்கர்ஸ்' குழு. 1966இல் அங்கிருந்து எரிக் கிளாப்டன் விலக, அந்த இடத்துக்கு வந்தவர் 19 வயது பீட்டர் கிரீன். கிளாப்டன் எங்கே என்று கத்திய கூட்டம் சில மாதங்களில் கிரீனின் கிட்டாருக்கு அடங்கிப் போனது. அதே குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர் ஜான் மேக்வி. 1967இல் டிரம்ஸ் வாசிக்க வந்த மிக் ஃப்ளீட்வுட் சில வாரங்கள்தான் தாக்குப்பிடித்தார். குடித்துவிட்டு வந்ததால் மேயால் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மேயால் பரிசாகக் கொடுத்த ஒலிப்பதிவுக்கூட நேரத்தில் இந்த மூவரையும் வைத்து கிரீன் சில பாட்டுகளைப் பதிவு செய்திருந்தார். அதில் வெறும் வாத்திய இசையாக இருந்த ஒன்றுக்கு, பின்னால் தாளம் பிடித்த இருவரின் பெயரையும் ஒட்டி 'ஃப்ளீட்வுட் மேக்' என்று தலைப்பு வைத்தார்.

கிரீன் தனிக்குழு ஆரம்பித்தபோது அதே பெயரையே குழுவுக்கும் சூட்டினார். தன் பெயரை அவர் முன்னால் போடவில்லை. இதில் கொஞ்சம் தந்திரமும் உண்டு. ஃப்ளீட்வுட் உடனே வந்துவிட்டார், மேக்விக்கோ மேயாலிடம் வாங்கும் நிலையான சம்பளத்தை விட மனம் வரவில்லை (முதலில் வரி ஆய்வாளர் வேலைக்குப் பயிற்சி எடுத்த மனிதர், கணக்குப் போடாமல் இருப்பாரா?). பெயரில் பாதியைக் கொடுத்தால் ஆள் வந்துவிடுவார் என்பது கிரீனின் நம்பிக்கை. அதுவரைக்கும் பத்திரிகை விளம்பரம் பார்த்து வந்த பாப் பிரன்னிங் பேஸ் வாசித்தார். இன்னொரு கிட்டாருக்கு ஜெரமி ஸ்பென்சர். எல்மோர் ஜேம்ஸ் என்ற அமெரிக்கக் கலைஞரின் பாணியை அச்சு அசலாக வாசிப்பவர். 1967 ஆகஸ்ட் 13, வின்ட்ஸர் ஜாஸ் - ப்ளூஸ் திருவிழாவில் முதல் மேடை. அன்று பெயரில் இருந்த 'மேக்' மேடையில் இல்லை! சில வாரங்களில் மேயால் தன் குழுவில் ஊதுகருவிகளைச் சேர்த்து ஜாஸ் பக்கம் சாயவும், மேக்வி வெறுத்துப்போய் வந்து சேர்ந்தார்.

ஆக, குழுவின் மூளை ஒருவர், பெயர் வேறு இருவருடையது. பின்னால் நடந்த அத்தனைக்கும் வித்து இதுதான்.

1968 பிப்ரவரியில் வந்த முதல் ஆல்பம் பிரிட்டனில் 4ஆம் இடம் வரை ஏறியது. அதே ஆண்டு கிரீன் எழுதிய 'பிளாக் மேஜிக் உமன்' பாட்டைப் பலர் சாண்டானாவின் சொந்தப் பாட்டு என்றே இன்றும் நினைக்கிறார்கள். சாண்டானா அதை 1970இல்தான் எடுத்து வாசித்தார். 1968இல் 18 வயது டேனி கிர்வன் மூன்றாவது கிட்டாராகச் சேர்ந்தார். உடனே வந்தது 'ஆல்பட்ராஸ்'. ஒரு வார்த்தைகூட இல்லாத, கடலலை மாதிரி மெதுவாக அசையும் இசை. 1969 தொடக்கத்தில் பிரிட்டனில் முதலிடம். இந்தக் குழு அந்த நாட்டில் முதலிடம் பிடித்த ஒரே சிங்கிள் இதுதான், ரூமர்ஸ் காலத்துப் பாட்டுகளையும் சேர்த்துச் சொல்கிறது இந்தக் கணக்கு. அந்த ஜனவரியிலேயே சிகாகோவுக்குப் போய் ஓடிஸ் ஸ்பான், வில்லி டிக்ஸன் போன்ற மூத்த கலைஞர்களோடு உட்கார்ந்து வாசித்துப் பதிவும் செய்தார்கள். ப்ளூஸ் பித்தர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பணம் கொட்ட ஆரம்பித்ததும் கிரீனுக்கு உறுத்தல் ஆரம்பித்தது. உலகத்தில் பசியால் சாகிறார்கள், நமக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டார். குழுவின் வருமானத்தைத் தானம் செய்துவிடலாம் என்றார். மற்றவர்கள் தயாராக இல்லை. எல்.எஸ்.டி. போதைப்பொருளும் அவர் மனநிலையைக் கெடுத்தது. 1970 மார்ச்சில் மியூனிக்கில் ஒரு கூட்டத்தாரோடு கழித்த இரவுக்குப் பிறகு அவர் பழைய ஆளாக இல்லை என்று உடனிருந்தவர்கள் சொல்வதுண்டு. ஆனால் அந்த ஒரு இரவின் மேல் எல்லாப் பழியையும் போடுவது சுலபமான கதை. அதற்கு முன்பே அவர் எழுதிய 'மேன் ஆஃப் தி வேர்ல்ட்' பாட்டில் வெற்றிகரமான ஒரு இளைஞனின் தாங்க முடியாத தனிமை அப்பட்டமாகத் தெரிகிறது. 1970 மே மாதம் விலகினார். 1977இல், தனக்கு ராயல்டி பணம் அனுப்ப வேண்டாம் என்று சொல்லித் தன் கணக்காளரையே துப்பாக்கி காட்டி மிரட்டியதாகக் கைதாகி மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். பணம் கேட்டு மிரட்டியவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இது வேறு மாதிரி.

கணக்குப்பதிவியலில் 'கூட்டாளி விலகல்' என்று ஒரு பாடம் உண்டு. ஒருவர் விலகும்போது நிறுவனத்தின் நற்பெயரை மதிப்பிட்டு அவர் பங்கைக் கொடுத்துக் கணக்கை முடிப்பார்கள். ஃப்ளீட்வுட் மேக்கில் அந்த நற்பெயர் யார் பெயரில் இருக்கிறது என்றே யாரும் எழுதி வைக்கவில்லை.

அடுத்த அடி 1971 பிப்ரவரியில், அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவே. லாஸ் ஏஞ்சலஸில் புத்தகக் கடைக்குப் போய் வருகிறேன் என்று விடுதியை விட்டுக் கிளம்பிய ஸ்பென்சர் திரும்பவே இல்லை. போலீஸ் வரை போய்த் தேடி, சில நாள் கழித்து 'சில்ரன் ஆஃப் காட்' என்ற மதக்குழுவில் கண்டுபிடித்தார்கள். இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பயணத்தை முடிக்க விலகிப்போன கிரீனையே கெஞ்சி வரவழைக்க வேண்டியிருந்தது. மிஞ்சிய கிர்வனை 1972 ஆகஸ்டில் குழுவே வெளியேற்றியது. ஒரு நிகழ்ச்சிக்கு முன் தன் கிட்டாரைச் சுவரில் அடித்து நொறுக்கிவிட்டு, மேடை ஏற மறுத்து, மற்றவர்கள் திணறுவதைக் கீழே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார் என்பது காரணம். அருமையான கலைஞர், பின்னாளில் வீடில்லாதவர்களுக்கான விடுதியில் காலம் தள்ளினார்.

இந்த ஓட்டைகளை அடைத்தவர்கள் இருவர். மேக்வியின் மனைவியும் 'சிக்கன் ஷாக்' குழுவின் பாடகியுமான கிறிஸ்டின் பெர்ஃபெக்ட் (1970 முதல் கிறிஸ்டின் மேக்வியாகக் குழுவில்), 1971இல் வந்த அமெரிக்கர் பாப் வெல்ச். 'பேர் ட்ரீஸ்' போன்ற ஆல்பங்களில் ப்ளூஸ் மெல்ல மெல்ல நழுவி மெல்லிசை உள்ளே வருவது நன்றாகவே கேட்கிறது. பழைய ரசிகர்கள் இந்தக் காலத்தை மதிப்பதில்லை, புதிய ரசிகர்களுக்கு இப்படி ஒரு காலம் இருந்ததே தெரியாது. இரண்டுமே வெல்ச்சுக்குச் செய்யும் அநியாயம். பாடகர் டேவ் வாக்கர் வந்து ஒரு வருடத்துக்குள் போனார். கிட்டார்க்காரர் பாப் வெஸ்டனுக்கும் ஃப்ளீட்வுட்டின் மனைவிக்கும் உறவு இருப்பது தெரியவர, 1973 அக்டோபரில் பயணத்தின் நடுவிலேயே அவரை அனுப்பிவிட்டு, மீதி நிகழ்ச்சிகளை ரத்து செய்து ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தார்கள்.

இங்கேதான் பெயர்ப் பிரச்சினை வெடித்தது. ஒப்புக்கொண்ட அமெரிக்க நிகழ்ச்சிகள் பாக்கி இருந்தன. ஃப்ளீட்வுட் மேக் என்ற பெயர் தனக்கே சொந்தம் என்று சொன்ன மேலாளர் கிளிஃபோர்ட் டேவிஸ், பழைய ஆள் ஒருவர்கூட இல்லாத ஒரு குழுவைத் திரட்டி 1974 ஜனவரியில் அதே பெயரில் அமெரிக்காவுக்கு அனுப்பினார். ஃப்ளீட்வுட் பிறகு வந்து சேர்ந்துகொள்வார் என்றுதான் அந்தக் குழுவினரிடம் சொல்லப்பட்டிருந்ததாம். அப்படி ஒன்றுமே பேசவில்லை என்று ஃப்ளீட்வுட் மறுத்தார். டிக்கெட் வாங்கியவர்கள் மேடையைப் பார்த்துக் கொதித்துப் போனார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். பயணம் பாதியில் நின்றது. வாசித்தவர்கள் திறமையற்றவர்கள் அல்ல. அவர்களில் சிலர் பிறகு 'ஸ்ட்ரெச்' என்ற பெயரில் 1975இல் ஒரு ஹிட் பாட்டே கொடுத்தார்கள்.

உண்மையான குழு நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. ஆனால் வழக்கு இழுத்தடித்துச் சில வருடம் கழித்து சமரசத்தில்தான் முடிந்தது. யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. அந்தக் குழுவில் மெட்டுப் போட்டவர்கள், பாடியவர்கள், கிட்டாரில் கலக்கியவர்கள் எல்லாரும் மாறிவிட்டார்கள். மாறாமல் இருந்தது பின்னால் உட்கார்ந்த டிரம்ஸும் பேஸும் மட்டும். அந்த இருவரின் குடும்பப் பெயர்தான் குழுவின் பெயர். 1967இல் கிரீன் மேக்வியை இழுக்கப் போட்ட தூண்டில், 1974இல் அவர்களுக்கு நியாயமாகவும் நின்றது. 'பீட்டர் கிரீன் குழு' என்று பெயர் வைத்திருந்தால் 1970இலேயே கடையைக் கட்டியிருப்பார்கள்.

பிறகு நடந்தது ஊரறிந்த கதை. வெல்ச்சின் யோசனைப்படி 1974இல் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தார்கள். மேலாளர் வேண்டாம் என்று ஃப்ளீட்வுட்டே நிர்வாகத்தையும் பார்த்துக்கொண்டார். ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றைப் பார்க்கப் போனவருக்கு, அங்கே பதிவான தரம் எப்படி என்று காட்டுவதற்காக ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். அதில் வாசித்தவர் லிண்ட்சி பக்கிங்ஹாம். சில வாரங்களில் வெல்ச் விலக, பக்கிங்ஹாமுக்கு அழைப்பு போனது. ஸ்டீவி நிக்ஸையும் சேர்த்தால்தான் வருவேன் என்றார் அவர். 1975இல் வந்த ஆல்பத்துக்கு மறுபடியும் 'ஃப்ளீட்வுட் மேக்' என்றே பெயர் வைத்தார்கள். வழக்கு நடந்துகொண்டிருந்த நேரத்தில் அது எவ்வளவு அழுத்தமான தலைப்பு!

அதற்குப் பிறகும் ஆட்கள் வருவதும் போவதும் நிற்கவில்லை. பக்கிங்ஹாம் 1987இல் விலகி, திரும்பி வந்து, 2018இல் நீக்கப்பட்டார். 2020 ஜூலையில் பீட்டர் கிரீனும், 2022 நவம்பரில் கிறிஸ்டின் மேக்வியும் காலமானார்கள்.

இதற்கெல்லாம் முன்னால், 1998இல் நியூயார்க்கில் நடந்த விழாவில் ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடம் இந்தக் குழுவைச் சேர்த்துக்கொண்டது. எட்டுப் பேர் பெயரை அறிவித்தார்கள்: ரூமர்ஸ் ஐந்து பேரோடு கிரீன், ஸ்பென்சர், கிர்வன். ஐந்து ஆல்பங்களில் வாசித்து, குழுவை மூழ்காமல் காத்த வெல்ச் பட்டியலில் இல்லை. 1994இல் ராயல்டி பாக்கிக்காக முன்னாள் நண்பர்கள் மேல் வழக்குப் போட்டதுதான் காரணம் என்பது அவர் எண்ணம். அன்றிரவு புகழ்க்கூடத்தில் சாண்டானாவும் சேர்க்கப்பட்டார். கிரீன் மேடை ஏறி 'பிளாக் மேஜிக் உமன்' வாசித்தார், சாண்டானாவோடு. ஃப்ளீட்வுட் மேக் தன் பாட்டுகளை வாசித்தபோது அவர் அதில் இல்லை.