சிக்கனமா, நிச்சயமா? அமெரிக்க மெடிகெய்டில் மேலாண்மைப் பராமரிப்பின் வளர்ச்சி

அமெரிக்காவில் வறியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டில் இன்று ஏழு கோடிக்கு மேற்பட்டோர் இருக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவரின் மருத்துவச் செலவை மாநில அரசு நேரடியாகத் தீர்ப்பதில்லை. அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்ட காப்பீட்டு நிறுவனங்கள் தீர்க்கின்றன. உறுப்பினர் ஒருவருக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை அரசு அந்த நிறுவனத்துக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது. செலவு அதைத் தாண்டினால் நட்டம் நிறுவனத்துக்கு, மிஞ்சினால் லாபமும் அதற்கே. ‘மேனேஜ்டு கேர்’ என்று வழங்கும் இந்த ஏற்பாட்டை இக்கட்டுரையில் மேலாண்மைப் பராமரிப்பு என்றும், மாதத் தொகையைத் தலைக்கட்டணம் என்றும் குறிப்பிடுகிறேன். 1991இல் மெடிகெய்டு பயனாளிகளில் பத்தில் ஒருவர்கூட இம்முறைக்குள் இல்லை. முதன்மை மருத்துவர் வழிகாட்டும் திட்டங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், தொண்ணூறுகள் முடிவதற்குள் அவர்களின் பங்கு பாதியைத் தாண்டிவிட்டது. இன்று நாற்பதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் இம்முறையைக் கைக்கொண்டுள்ளன.

இவ்வளவு விரைவான பரவலுக்குச் சொல்லப்படும் வழக்கமான காரணங்கள் இரண்டு: செலவு குறைகிறது, பராமரிப்பு மேம்படுகிறது. இரண்டுக்கும் உள்ள சான்றுகள் மெலிந்தவை. மாநிலங்கள் விரும்பி வாங்கியது சிக்கனத்தை அன்று, நிச்சயத்தை என்பதே என் வாதம். அடுத்த ஆண்டு எவ்வளவு செலவாகும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதற்கு அவை விலை கொடுக்கின்றன. அந்த விலை எவ்வளவு, வாங்கிய பொருள் உண்மையில் கைக்கு வந்ததா என்ற கேள்விகளை ஆய்வுலகம் இன்னும் உரத்துக் கேட்க வேண்டும்.

முதலில் வரலாறு. 1965 ஜூலை 30 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் முதியோருக்கான மெடிகேரையும் மெடிகெய்டையும் உருவாக்கிய சட்டத்தில் கையெழுத்திட்டபோது, ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியே கட்டணம் என்பதே நடைமுறை. மாதச் சந்தாவுக்கு முழு மருத்துவம் என்னும் கருத்து அப்போதே புதியதல்ல. ‘கிராண்ட் கூலி’ அணையின் கட்டுமானத் தொழிலாளர்களுக்கும் போர்க்காலக் கப்பல் கட்டும் தளங்களின் தொழிலாளர்களுக்கும் மருத்துவர் சிட்னி கார்ஃபீல்டு நடத்திய திட்டமே 1945இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு, பின்னாளில் கைசர் பெர்மனென்டே என்ற பெயரில் வளர்ந்தது. 1973இல் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம் இத்தகைய அமைப்புகளுக்குக் கூட்டரசின் ஊக்கத்தைத் தந்தது.

ஆனால் ஏழைகளின் காப்பீட்டில் இதன் முதல் பெரிய சோதனை அவப்பெயரோடுதான் முடிந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில், ரீகன் ஆளுநராக இருந்த கலிஃபோர்னியா முன்பணத் திட்டங்களை அனுமதித்தது. முகவர்கள் வீடு வீடாகச் சென்று, எதில் சேர்கிறோம் என்றே தெரியாதவர்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். தலைக்குப் பணம் வந்தது, மருத்துவம் வரவில்லை. இதன் எதிரொலியாகவே 1976இல் கூட்டரசு ஒரு விதி செய்தது: ஒரு நிறுவனத்தின் உறுப்பினர்களில் பாதிக்கு மேல் மெடிகேர், மெடிகெய்டு பயனாளிகளாக இருக்கக் கூடாது. காசு கொடுத்துச் சேரும் நடுத்தர வர்க்கத்தினரும் அதே நிறுவனத்தில் இருந்தால் தரம் ஒரேயடியாகக் கெட்டுவிடாது என்பது இதன் உட்கருத்து. எளிய விதிதான். ஆனால் பின்னால் வந்த நூறு பக்கத் தர அளவுகோல்களைவிட இதில் நடைமுறை ஞானம் அதிகம் என்பேன். 1981இல் இந்த வரம்பு முக்கால் பங்காகத் தளர்ந்தது. 1997ஆம் ஆண்டின் சமநிலை வரவு செலவுச் சட்டம் அதை அடியோடு நீக்கியது. கூட்டரசிடம் சிறப்பு விலக்குக் கோராமலே பெரும்பாலான பயனாளிகளைக் கட்டாயமாகச் சேர்க்கவும் மாநிலங்களுக்கு அதே சட்டம் வழிவிட்டது. ஏழைகளுக்கு மட்டுமேயான காப்பீட்டு நிறுவனம் என்ற தனி வகைக்கு அன்று கதவு திறந்தது.

இதற்கிடையில் இரண்டு மாநிலங்கள் இரு வேறு பாடங்களைக் கற்றன. மெடிகெய்டில் கடைசியாகச் சேர்ந்த மாநிலம் அரிசோனா. 1982 அக்டோபரில் அது தொடங்கியதே முழுக்க மேலாண்மைப் பராமரிப்பாகத்தான். தொடக்கத்தில் திட்டத்தின் நிர்வாகத்தையே ஒரு தனியார் நிறுவனத்திடம் விட்டது. குழப்பம் முற்றியதும் 1984இல் மாநிலமே நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. ஒப்பந்த நிறுவனங்களைத் தட்டிக்கேட்கும் ஒரு துறையைத் தனக்குள்ளேயே வளர்த்தது. இன்று மற்ற மாநிலங்கள் முன்மாதிரியாகச் சுட்டுவது இந்தத் திட்டத்தைத்தான். டென்னசியோ சில மாத அவகாசத்தில் 1994 ஜனவரி முதல் நாளன்று தன் மெடிகெய்டு பயனாளிகள் அனைவரையும், காப்பீடில்லாத பல லட்சம் பேரையும் சேர்த்து, ‘டென்கேர்’ என்ற பெயரில் நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. சில ஆண்டுகளில் நிறுவனங்கள் தள்ளாடின. 2002இல் நட்டப் பொறுப்பை மாநிலம் திரும்ப ஏற்று, நிர்வாகக் கூலி மட்டும் கொடுக்கும் நிலை வந்தது. 2005இல் ஏறத்தாழ 1,70,000 பேர் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டார்கள்.

டென்னசி அனுபவத்தை நிர்வாகக் கோளாறு என்று சொல்லி ஒதுக்குவது பொதுவழக்கம். எனக்கு அது அதைவிட அடிப்படையான ஒன்றைக் காட்டுவதாகத் தோன்றுகிறது. நிறுவனம் நட்டப்பட்டால் விலகிக்கொள்ளலாம், அரசால் விலக முடியாது. ஆகவே நட்டத்தின் இடர் கைமாறியது என்பது நல்ல காலம் இருக்கும்வரைதான் உண்மை. அயோவா இதை மறுபடியும் காட்டியது. 2016 ஏப்ரலில் மூன்று நிறுவனங்களோடு தொடங்கிய அம்மாநிலத்தில், 2017இன் முடிவில் ஒன்று விலகியது, 2019இல் இன்னொன்று. எஞ்சிய நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் கேட்கும்போது மறுத்துப் பேச அரசிடம் என்ன பிடி இருக்கும்?

இனிச் செலவு. மாவட்டங்கள் வெவ்வேறு காலங்களில் கட்டாயச் சேர்க்கைக்கு மாறிய கலிஃபோர்னியாவை மார்க் டக்கன் ஆராய்ந்தார். அரசின் செலவு கணிசமாகக் கூடியது, குழந்தைகளின் உடல்நலத்தில் அதற்கு ஈடான முன்னேற்றம் தென்படவில்லை என்பது 2004இல் அவர் வெளியிட்ட முடிவு. பின்னர் டக்கனும் டாமரா ஹேஃபோர்டும் நாடு முழுவதற்குமாகப் பார்த்தபோதும் சராசரியில் சேமிப்பு இல்லை. அவர்கள் கண்ட விதிவிலக்குத்தான் இங்கே முக்கியம்: மருத்துவர்களுக்கு முன்பே தாராளமாகக் கட்டணம் கொடுத்துவந்த மாநிலங்களில் மட்டும் செலவு இறங்கியது. காரணம் விளங்கக்கூடியதே. வேலையளிப்போர் தரும் தனியார் காப்பீட்டில் மேலாண்மைப் பராமரிப்பு பணம் மிச்சப்படுத்தியது பெரிதும் மருத்துவமனைகளோடு பேரம் பேசி. மெடிகெய்டு கொடுக்கும் கட்டணமோ ஏற்கெனவே அடிமட்டத்தில் இருக்கிறது. பிழிந்த கரும்பில் எவ்வளவு சாறு எடுக்க முடியும்? அதற்கு மேலும் நிறுவனத்தின் நிர்வாகச் செலவையும் லாபத்தையும் ஏற்ற வேண்டியிருக்கிறது. தலைக்கட்டணத்தில் குறைந்தது 85 விழுக்காடு மருத்துவத்துக்கும் தர மேம்பாட்டுக்கும் போகும்படி கணக்கிட வேண்டும் என்று கூட்டரசு விதித்தது 2016இல்தான்.

பராமரிப்பைப் பற்றிய சான்றுகள் ஒரே திசையில் போகவில்லை. கலிஃபோர்னியத் தாய்மாரைப் பற்றி ஐசர், கரி, மொரெட்டி ஆகியோர் செய்த ஆய்வு பேறுகாலக் கவனிப்பு தாமதமானதையும், எடை குறைந்த பிறப்புகள் கூடியதையும் காட்டியது. டெக்சஸில் கறுப்பினக் குழந்தைகளுக்கும் ஹிஸ்பானியக் குழந்தைகளுக்கும் இடையே பிறப்புநல இடைவெளி விரிந்ததைக் குசியெம்கோவும் உடனாய்வாளர்களும் கண்டார்கள். செலவு குறைவாக வரக்கூடிய பயனாளிகளை ஈர்ப்பதில் நிறுவனங்களுக்கு இருக்கும் ஆதாயத்தை அவர்கள் இதற்குக் காரணமாகக் கூறினர். ஆனால் அதே டெக்சஸில் மாற்றுத்திறனாளிகளைப் பற்றி லேட்டனும் பிறரும் செய்த ஆய்வை என் வாதத்துக்கு எதிராக வைக்கலாம். வைக்கவும் வேண்டும். அங்கே நேரடி அரசுத் திட்டத்தில் மாதம் மூன்று மருந்துச் சீட்டுகளுக்கு மேல் கிடையாது என்ற வரம்பு இருந்தது. ஒப்பந்த நிறுவனங்களுக்கு மாறியதும் அது தளர்ந்தது. மருந்து சீராகக் கிடைத்தது, மருத்துவமனையில் சேர வேண்டிய தேவை குறைந்தது. செலவு கூடியது, பயனும் கூடியது. இதைத் தனியார் திறமையின் வெற்றி என்று சிலர் படிக்கிறார்கள். அரசு தன் கையாலேயே போட்டுவைத்த ஒரு மூடத்தனமான வரம்பிலிருந்து தப்பிக்க எடுத்த சுற்றுவழி என்று நான் படிக்கிறேன். வரம்பை நேரடியாக நீக்கியிருந்தாலும் இப்பயனில் பெரும்பகுதி கிடைத்திருக்கும்.

பயனாளியின் பக்கம் நின்று பார்த்தால், மேலாண்மை என்பது பெரும்பாலும் முன் அனுமதியாகத்தான் வந்து சேர்கிறது. ஸ்கேனோ அறுவைச் சிகிச்சையோ, நிறுவனம் சரி என்று சொன்ன பிறகே நடக்கும். கூட்டரசு நலத்துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 115 மெடிகெய்டு நிறுவனங்களின் 2019ஆம் ஆண்டுக் கணக்கை ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, எட்டில் ஒரு கோரிக்கை மறுக்கப்பட்டது. 12 நிறுவனங்களில் மறுப்பு 25 விழுக்காட்டுக்கும் மேல். முதியோருக்கான மெடிகேரைத் தனியார்வழி வழங்கும் ‘மெடிகேர் அட்வான்டேஜ்’ திட்டங்களில் அதே ஆண்டில் மறுப்பு இதில் பாதிக்கும் குறைவு. மறுப்புகள் முறையானவைதாமா என்பதைப் பெரும்பாலான மாநிலங்கள் வழக்கமாகச் சரிபார்க்கவே இல்லை என்பதும் அவ்வறிக்கையில் உள்ளது. மறுக்கப்பட்டவர்களில் மேல்முறையீடு செய்தவர்கள் சொற்பம். இரண்டு வேலை பார்த்துக் குடும்பம் நடத்தும் ஒரு பெண்ணுக்குப் படிவம் நிரப்பி வாதாட ஏது நேரம்? இதே அலுவலகம் 2014இல் நிறுவனங்களின் பட்டியலில் இருந்த மருத்துவர்களை அழைத்துப் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்டோரிடம் பயனாளிக்கு நேரம் வாங்க முடியவில்லை. சிலர் அந்த முகவரியிலேயே இல்லை. இது தெரிந்து பத்தாண்டு கழித்து, 2024இல்தான், நோயாளிபோல் அழைத்துச் சோதிக்கும் முறை விதியாக்கப்பட்டது. நடைமுறைக்கு வருவதற்கு மேலும் சில ஆண்டுகள் தவணை.

அப்படியானால் மாநிலங்கள் ஏன் இதை விடாமல் பிடித்திருக்கின்றன? அமெரிக்க மாநிலங்களில் ஏறக்குறைய எல்லாமே வரவுக்குள் செலவை அடக்கக் கடமைப்பட்டவை. கூட்டரசைப் போல ஆண்டுதோறும் பற்றாக்குறை காட்ட முடியாது. பொருளாதாரம் சரியும்போது வரி வருவாய் குறைகிறது, வேலையிழந்தவர்கள் மெடிகெய்டுக்கு வருவதால் செலவு ஏறுகிறது. இந்த இடுக்கில் நிற்கும் நிதிச் செயலருக்குத் தலைக்கட்டணம் ஒரு பெரிய ஆறுதல்: எண்ணிக்கை தெரிந்தால் செலவு தெரியும். இரண்டாவது காரணம் வெளிப்படையாக யாரும் பேசாதது. மெடிகெய்டுச் செலவில் குறைந்தது பாதியைக் கூட்டரசு ஏற்கிறது. மாநிலம் ஒப்பந்த நிறுவனங்கள்மீது ஒரு வரி போடுகிறது, அவ்வரியைத் தலைக்கட்டணத்திலேயே சேர்த்துக் கொடுக்கிறது, அந்தக் கூடுதல் தொகையிலும் கூட்டரசின் பங்கைப் பெற்றுக்கொள்கிறது. கலிஃபோர்னியா இதைப் பெரிய அளவில் செய்தது. 2025 ஜூலை 4 அன்று சட்டமான வரி, செலவு மசோதா இத்தகைய வரிகளுக்குக் கடிவாளம் போட்டிருப்பதால், இந்த ஈர்ப்பு இனிக் குறையலாம். மூன்றாவது, மறுப்பின் பழி. சிகிச்சை கிடைக்காதவர் திட்டுவது சட்டமன்ற உறுப்பினரை அன்று, தொலைபேசியின் மறுமுனையில் இருக்கும் நிறுவன ஊழியரை. இதற்கு அரசியலில் எவ்வளவு மதிப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

மெடிகேர் அட்வான்டேஜ் வேறு கதை என்பதால் சுருக்கமாக மட்டும். அங்கே முதியோர் தாமே தேர்ந்து சேர்கிறார்கள். பல் மருத்துவம், கண்ணாடி போன்ற சலுகைகள் ஈர்க்கின்றன. 2024இல் தகுதியுள்ளோரில் 54 விழுக்காட்டினர் அதில் இருந்தனர். அதே ஆண்டில் நேரடித் திட்டத்தில் ஆகியிருக்கக்கூடிய செலவைவிட 22 விழுக்காடு, அதாவது 83 பில்லியன் டாலர், அதிகமாக அரசு கொடுப்பதாக நாடாளுமன்றத்தின் ஆலோசனைக் குழுவான மெட்பேக் மதிப்பிட்டது. மலிவு என்ற பெயரில் வந்தது விலை கூடியதாகி, விலை கூடியதாலேயே மக்களுக்குப் பிடித்தும்போய், இனி குறைக்கவும் முடியாத நிலை.

இந்தியாவுக்கு இது அயலார் கதை மட்டுமன்று. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தின் மூலம் தமிழ்நாடு காப்பீட்டு நிறுவனத்துக்குச் சந்தா செலுத்தும் வழியை எடுத்தது. ஆந்திரத்தின் ஆரோக்கியஸ்ரீ திட்டமோ அரசின் அறக்கட்டளையே செலவைத் தீர்க்கும் வழியில் வளர்ந்தது. 2018இல் தொடங்கிய பிரதமர் ஆரோக்கியத் திட்டத்தில் இவ்விரண்டில் எதையும் மாநிலங்கள் தேரலாம். ஆனால் நம் சந்தா பெரும்பாலும் உள்நோயாளி சிகிச்சைகளையே தொடுகிறது. ஆரம்ப சுகாதார நிலையமும் அரசு மருத்துவமனையும் அரசிடமே இருக்கின்றன. அமெரிக்க மாநிலங்களுக்கு இல்லாத இந்தப் பின்புலம் பேரத்தில் நமக்குள்ள வலிமை.

மேலாண்மைப் பராமரிப்பிலிருந்து திரும்பி வர வழி இல்லை என்று வாதிடுவோருக்கு அமெரிக்காவின் கனெக்டிகட் பதில் சொல்கிறது. அம்மாநிலம் 2012 ஜனவரியில் ஒப்பந்த நிறுவனங்களை விலக்கி, மருத்துவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கத் தொடங்கியது. ஒருங்கிணைப்பு வேலைக்கு மட்டும் கூலி கொடுத்து லாப நோக்கற்ற அமைப்பை அமர்த்தியது. தலைக்குச் செலவு கட்டுக்குள் இருந்ததாக அதன் அறிக்கைகள் காட்டுகின்றன. சிறிய, வசதியான மாநிலம் என்பதால் இதைப் பொதுவிதியாக்கக் கூடாது என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் அரிசோனாவும் கனெக்டிகட்டும் எதிரெதிர் வழிகளில் சென்றும் ஓரளவு வென்றதற்குப் பொதுவான காரணம் ஒன்று உண்டு. இரண்டிலும் கணக்கு, தரவு, தணிக்கை ஆகியவை அரசின் சொந்தக் கையில் இருந்தன. மெடிகெய்டு ஒப்பந்த உறுப்பினர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இன்று ஐந்தே பெருநிறுவனங்களிடம் இருக்கிறார்கள். தன் தலைக்கட்டணத்தைத் தானே கணக்கிடவும், ஒவ்வொரு மறுப்பையும் தானே எடுத்துப் பார்க்கவும் ஆளில்லாத மாநிலம் அந்நிறுவனங்களோடு ஒப்பந்தம் போடக் கூடாது. போட்டிருந்தால், அடுத்த ஒப்பந்தப்புள்ளிக்கு முன் அந்த ஆட்களை நியமிக்க வேண்டும்.