ஒரே மஞ்சள் பூ, ரெண்டு செடி: ஒரு பெயர்க் குழப்பத்தின் வரலாறு

இன்னைக்குக் கதை ஒரு வயல் வரப்புல ஆரம்பிக்குது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து வத்திராயிருப்பு பக்கம் போனா சுந்தரபாண்டியம் வரும். விருதுநகர் மாவட்டம்னாலே நமக்குப் பட்டாசும் வெயிலும்தான் ஞாபகம் வரும். ஆனா இந்தப் பக்கம் வேற மாதிரி. மேற்கே மலை, மலையிலிருந்து இறங்குற தண்ணி, கண்மாய், நெல் வயல். இந்த மாதிரி ஈரம் காயாத வரப்புதான் நம்ம கதாநாயகிக்குப் பிடிச்ச இடம். அவ பேரு மஞ்சள் கரிசலாங்கண்ணி.

சூரியகாந்திக் குடும்பத்துச் செடி இது. பூ சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெருசா இருக்கும், அவ்வளவுதான். தண்டு தரையோட படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு, வருஷக்கணக்கா வாழும். இதோட உறவுக்காரியான வெள்ளைக் கரிசலாங்கண்ணி அப்படி இல்லை. ஒரு பருவம் முளைச்சு, பூத்து, விதை போட்டுட்டுப் போயிடும்.

சித்த மருத்துவத்துல மஞ்சள் பூக்காரிக்கு இன்னொரு பேர் உண்டு: பொற்றலைக் கையாந்தகரை. பொன் தலை, அதாவது தங்க நிறத் தலை. 19ஆம் நூற்றாண்டில் வடலூர் வள்ளலார் தினமும் பயன்படுத்தச் சொன்ன மூலிகைகளில் கரிசாலை முக்கியமானது. அதன் தூளால் பல் தேய்க்கவும் சொன்னார். சுந்தரபாண்டியத்துக்குப் பக்கத்துலயே சித்தர்கள் மலைன்னு சொல்லப்படுற சதுரகிரி இருக்கு. அந்த வட்டாரத்துல மூலிகைப் பேச்சு இன்னைக்கும் சாதாரணம்.

சரி, இப்போ ஊருக்குத் திரும்புவோம். உங்க அபார்ட்மென்ட் வாசல்ல, சாலை நடுவுல இருக்கிற தடுப்புல, ஆபீஸ் வளாகத்துல பச்சைப் பாய் விரிச்ச மாதிரி படர்ந்து மஞ்சளா பூக்குற ஒரு செடியைப் பாத்திருப்பீங்க. "அட, கரிசலாங்கண்ணி!"ன்னு யாராவது கிள்ளவும் செஞ்சிருப்பாங்க. அது கரிசலாங்கண்ணி இல்லை.

இந்தக் குழப்பம் எங்க தொடங்குச்சு? பாதி நம்ம கண்ணுல. மீதி, ஐரோப்பாவுல வெச்ச பேர்ல.

1670களில் பால் ஹெர்மன் என்ற மருத்துவர் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இலங்கையில் வேலை பார்த்தார். அங்கே செடிகளைச் சேகரித்து, உலர்த்தி வைத்தார். பல பத்தாண்டுகள் கழித்து அந்தத் தொகுப்பு ஸ்வீடனில் இருந்த லின்னேயஸ் கைக்குப் போனது. இலங்கைக்கே வராத லின்னேயஸ், 1753இல் நம்ம மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு ஒரு லத்தீன் பேர் வைத்தார். ஆறு வருஷம் கழித்து, 1759இல், கரீபியத் தீவுகளின் மஞ்சள் பூச்செடி ஒன்றுக்கு வேறொரு பேர் வைத்தார். அவர் கணக்கில் ரெண்டும் வேற வேற பேரினம்.

பின்னால் வந்தவர்கள் ரெண்டையும் ஒரே வீட்டில் குடிவைத்தார்கள். 1832இல் நம்ம செடி 'வெடேலியா' ஆனது. 1893இல் கரீபியச் செடியும் 'வெடேலியா' ஆனது. வெடேல் என்பவர் 17ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவப் பேராசிரியர். 1996இல் தாவரவியலாளர்கள் ரெண்டையும் சேர்த்தே வேறொரு பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆனா நர்சரியில் இன்னைக்கும் அழகுச் செடிக்குப் பேர் வெடேலியாதான். மூலிகைப் புத்தகத்தைத் திறந்தா, மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கும் வெடேலியான்னுதான் போட்டிருக்கும். குழம்பாம என்ன செய்யும்?

இப்போ இன்னொரு திருப்பம். 1956இல் சென்னை மாநிலக் கல்லூரியில் டி. ஆர். கோவிந்தாச்சாரி, நாகராஜன், பை ஆகிய மூன்று வேதியியலாளர்கள் மஞ்சள் கரிசலாங்கண்ணியிலிருந்து ஒரு சேர்மத்தின் அமைப்பைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். அதன் பேர் வெடெலோலாக்டோன். அதே சேர்மம் வெள்ளைக் கரிசலாங்கண்ணியிலும் இருக்கு!

யோசிச்சுப் பாருங்க. தாவரவியல்படி வெள்ளையும் மஞ்சளும் வேற வேற பேரினம். ஆனா நம்ம ஆளுங்க பூ நிறத்தைப் பெருசா எடுத்துக்காம, பயனைப் பார்த்து ரெண்டையும் கரிசலாங்கண்ணின்னே கூப்பிட்டாங்க. ஆய்வுக்கூடத்துலயும் ரெண்டுக்கும் ஒரு பொதுச் சரக்கு கிடைச்சுது.

இதுல ஆபத்து ரெண்டு. ஒண்ணு, ஆள் மாறாட்டம். கரிசலாங்கண்ணிக்குச் சொன்ன குணத்தையெல்லாம் கரீபியச் செடி மேல ஏத்தி, அதைக் கீரையா சமைக்கக் கூடாது. ரெண்டாவது, இடம். தண்டுல ஒரு துண்டு விழுந்தாலே அந்தச் செடி வேர்விட்டுடும். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்கள்னு 2000இல் வந்த பட்டியல்ல இதுவும் இருக்கு. ஈரமான வாய்க்கால் கரையில் இது இறங்கினா, தரையோட படர்ற மத்த செடிகளுக்கு இடமே இருக்காது. நம்ம பொற்றலைக்கும் அதே ஈரம்தான் வேணும்.

அடையாளம் சுலபம். பூவைப் பாக்காதீங்க, இலையைப் பாருங்க. நம்ம செடியோட இலை ஒடுங்கி நீளமா, தடவினா சொரசொரன்னு இருக்கும். அழகுச் செடியோட இலை அகலமா, பளபளன்னு, ரெண்டு பக்கமும் பிதுங்கி மூணு மடல் மாதிரி தெரியும். அப்பவும் சந்தேகம்னா, தெரிஞ்சவங்ககிட்ட கேட்காம வாயில வெக்காதீங்க.

வரப்புல நடந்தவங்களுக்கு இந்த வித்தியாசம் பாடமா தேவைப்படலை. தினமும் கையால கிள்ளினாங்க. நாம செடியை வாட்ஸ்அப் போட்டோவுலதான் பாக்குறோம். அதுல பூ மட்டும்தான் தெரியும். அடுத்த தடவை மஞ்சள் பூ ஒண்ணைப் பாத்தா, கொஞ்சம் குனிஞ்சு இலையையும் தொட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.