பொன்மலையில் பிறந்த நீராவி

பழைய இயந்திரங்களுக்கு உயிர் கொடுக்கும் டிவி தொடர்களுக்கென்று ஒரு இலக்கணம் உண்டு. முள் மண்டிய கொட்டகையில் துருப்பிடித்த ஒரு நீராவி வண்டி கிடக்கும். "இது தேறுமா?" என்று ஒருவர் உதட்டைப் பிதுக்குவார். கொதிகலனைக் கழற்றுவார்கள், காசு தீரும், நடுவில் ஒரு பாகம் உடையும். கடைசிப் பத்து நிமிடத்தில் புகை வரும், விசில் ஊதும், யாராவது கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எத்தனை முறை பார்த்தாலும் நமக்கும் தொண்டை அடைக்கத்தான் செய்கிறது. பொய் சொல்வானேன்?

இந்த வகைக்கு முன்னோடி என்று இங்கிலாந்தின் போல்டன் ஊர்க்காரர் ஃப்ரெட் டிப்னாவைச் சொல்லலாம். ஆலைப் புகைபோக்கிகளில் ஏறிப் பழுதுபார்ப்பது அவர் தொழில். 1979இல் பிபிசி அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் அவரை வீட்டுக்கு வீடு தெரிந்த ஆளாக்கியது. 1912இல் செய்யப்பட்ட ஒரு நீராவி இழுவை வண்டியை வாங்கி, கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தன் கொல்லையில் வைத்துச் சீர்செய்தார். கடைசித் தொடரில் அதே வண்டியில் ஏறி, இரும்புத் தொழில் மிச்சமிருந்த பட்டறைகளைத் தேடி நாடு முழுக்கச் சுற்றினார். 2004 நவம்பரில் இறந்தார். தொடர் அடுத்த ஆண்டுதான் ஒளிபரப்பானது. அவர் சவப்பெட்டியையும் அந்த வண்டிதான் இழுத்துச் சென்றது.

அழகான கதைதான். ஆனால் அதில் ஒரு மனிதன், ஒரு இயந்திரம், ஒரு கொல்லைப்புறம் மட்டுமே இருக்கிறது. நம்மூரில் நீராவி இஞ்சின்களை உயிரோடு வைத்திருந்தவர்களின் கதையை இந்த இலக்கணத்துக்குள் அடைக்க முடியாது. இங்கே இஞ்சின் அரசாங்கத்துடையது, பட்டறை ஆயிரக்கணக்கானவர்களுடையது. அந்தப் பட்டறைக்கோ ரத்தக்கறை படிந்த ஒரு வரலாறு உண்டு.

அந்த வரலாறு எங்கள் கரையோரத்தில்தான் தொடங்குகிறது. மண்டபத்தூர் கடற்கரையிலிருந்து தெற்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டரில் நாகப்பட்டினம். 1861இல் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே அங்கிருந்துதான் தஞ்சாவூருக்குப் பாதை திறந்தது. அடுத்த ஆண்டு அது திருச்சிராப்பள்ளியைத் தொட்டது. 1874இல் அந்தக் கம்பெனி தென்னிந்திய ரயில்வேயாக மாறியது. இஞ்சின்களைப் பிரித்துப் பூட்டும் பெரிய பட்டறை நாகையில் இருந்தது. டெல்டாவின் விவசாயக் குடும்பங்களிலிருந்தும் கடலோர ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் ஃபிட்டர்களாக, கொல்லர்களாக, கலாசிகளாக அங்கே போனார்கள். நெல்லும் மீனும் தெரிந்த கைகள் இரும்பும் நீராவியும் கற்றுக்கொண்டன.

1920களின் பிற்பாதியில் கம்பெனி ஒரு முடிவெடுத்தது. நாகை, போத்தனூர் பட்டறைகளின் வேலையையெல்லாம் திருச்சிக்கு அருகே பொன்மலையில் கட்டும் புதுப் பட்டறைக்குக் கொண்டுபோவது. காகிதத்தில் பார்த்தால் நியாயமான நிர்வாக ஏற்பாடு. ஆனால் அதோடு சேர்த்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பவும் திட்டமிட்டார்கள். யார் போக வேண்டும், யார் இருக்கலாம் என்பதைத் தீர்மானிக்கத் தொழில் திறன் தேர்வு வைத்தார்கள். யோசித்துப் பாருங்க. இருபது வருஷமாக அதே இஞ்சினைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருப்பவரிடம் போய், "உனக்கு வேலை தெரியுமா, காட்டு" என்றால் எப்படியிருக்கும்?

1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே முழுக்க வேலைநிறுத்தம் வெடித்தது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் முன்னின்றார்கள். பத்து நாட்களுக்குள் போராட்டம் ஒடுக்கப்பட்டது. தலைவர்கள் சிறைக்குப் போனார்கள், பலர் வேலை இழந்தார்கள். நாகைப் பட்டறை பொன்மலைக்குப் போயே விட்டது. இன்று நாம் கொண்டாடும் பொன்மலையின் கைத்திறன் நாகையிலிருந்து பிடுங்கி நடப்பட்ட நாற்று. நட்ட பிறகும் அது நிம்மதியாக வளரவில்லை. 1946 செப்டம்பர் 5 அன்று, இன்னொரு ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது, பொன்மலையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். பொன்மலைத் தியாகிகள் என்று ஆண்டுதோறும் அவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள்.

இப்போது மலைக்குப் போவோம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும், உதகமண்டலம் வரை 1908இலும் திறக்கப்பட்டது நீலகிரி மலை ரயில். சுமார் 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 குகைகள். கல்லாறு தாண்டியதும் ஏற்றம் தாங்காது. கிட்டத்தட்ட 12 அடி போனால் 1 அடி ஏற வேண்டும். வெறும் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டு ஓடுகின்றன. இஞ்சினின் அடியில் இருக்கும் பற்சக்கரம் அவற்றைக் கவ்விக்கொண்டு ஏறும். இஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னால் இருந்து பெட்டிகளைத் தள்ளுகிறது.

இந்த 'எக்ஸ்' வகை இஞ்சின்களைச் செய்தது சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்து ஆலை. 1914க்கும் 1952க்கும் இடையே மொத்தம் 17 வந்தன. ஒவ்வொன்றிலும் நான்கு சிலிண்டர்கள். உயர் அழுத்த சிலிண்டர்கள் இரண்டும் சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். பல் பாதை வந்ததும், அங்கே ஒருமுறை உழைத்து வெளிவரும் நீராவியை வெளியே விடாமல் மற்ற இரண்டு சிலிண்டர்களுக்குள் செலுத்துவார்கள். அவை பற்சக்கரத்தைச் சுழற்றும். ஒரே மூச்சில் இரண்டு வேலை. கஞ்சி வடித்த தண்ணீரையும் வீணாக்காத பாட்டி மாதிரி.

இப்படிப்பட்ட இஞ்சினைச் சீர்செய்வதென்றால் பெயின்ட் அடிப்பதில்லை. அதன் உயிர் கொதிகலனில் இருக்கிறது. உள்ளே புகைக்குழாய்கள் வரிசையாக ஓடும். தண்ணீரில் இருக்கும் உப்பு அவற்றின் மேல் சுண்ணாம்பாகப் படியும். படிந்த இடத்தில் வெப்பம் தண்ணீருக்குப் போகாது, இரும்பு பழுக்கக் காய்ந்து பலவீனமாகும். அதனால் குழாய்களைப் பிடுங்கிப் புதிது செருக வேண்டும். நெருப்புப் பெட்டியைத் தாங்கும் ஆணிகளைச் சுத்தியலால் தட்டி, ஓசையை வைத்தே எது உடைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு கொதிகலனில் குளிர்ந்த நீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைவிட அதிகமாக ஏற்றி, கசிகிறதா என்று பார்ப்பார்கள். அதற்கப்புறம்தான் நெருப்பு. அதுவும் மெல்ல மெல்ல, மணிக்கணக்கில். அவசரப்பட்டால் இரும்பு ஒரு பக்கம் விரிந்து இன்னொரு பக்கம் விரியாமல் வெடிப்பு விடும்.

நெருப்புப் பெட்டியின் கூரையில் ஈயம் அடைத்த ஒரு திருகு இருக்கும். தண்ணீர் மட்டம் ஆபத்தாக இறங்கினால் ஈயம் உருகி, நீராவி நெருப்பின் மேல் பாய்ந்து எச்சரிக்கும். ஃபயர்மேனின் உயிர் அந்தச் சின்ன ஈயத்துண்டில் தொங்குகிறது. அதைச் சரியாக அடைத்த கை யாருடையது என்று எந்தக் கேமராவும் கேட்பதில்லை.

விண்டர்தூர் ஆலையிடம் இனி புது இஞ்சின் கேட்க முடியாது. பொன்மலைக்காரர்கள் என்ன செய்தார்கள்? அவர்களே செய்தார்கள். 2011இலிருந்து எண்ணெயில் எரியும் எக்ஸ் வகை இஞ்சின்கள் பொன்மலையிலிருந்து வெளிவந்தன. 2021இல் கரியில் ஓடும் புது இஞ்சின் ஒன்றும் வந்தது. நீராவிக் காலம் முடிந்துவிட்டதென்று உலகம் அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கும்போது, திருச்சியில் ஒரு நீராவி இஞ்சின் புதிதாகப் பிறக்கிறது! சுவிட்சர்லாந்துக்காரர்கள் 1990இல் வியட்நாமின் தா லாட் பாதையில் கைவிடப்பட்டுக் கிடந்த தங்கள் பழைய பல்சக்கர இஞ்சின்களைக் கப்பலேற்றித் தாய்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஆர்வலர்கள் பல்லாண்டு உழைத்து அவற்றை ஓட வைத்தார்கள். அது மீட்பு. பொன்மலையில் நடந்ததற்கு என்ன பெயர்?

இங்கேதான் ஒரு சிக்கலான கேள்வி வருகிறது. பழைய இஞ்சினில் கொதிகலனை மாற்றி, சிலிண்டரை மாற்றி, சக்கரத்தையும் மாற்றினால் அது அதே இஞ்சின்தானா? 1855இல் லீட்ஸில் செய்யப்பட்ட இ.ஐ.ஆர். 21 என்ற இஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 1909இல் ஓய்வு பெற்று, பீகாரின் ஜமால்பூரில் நூறு வருஷம் காட்சிப்பொருளாக நின்றது. அதைச் சென்னை பெரம்பூர் பட்டறைக்குக் கொண்டுவந்து 2010இல் மறுபடி ஓட வைத்தார்கள். 155 வயது இஞ்சின் சென்னையில் ஓடுகிறது என்று கூட்டம் கூடியது. நூறு வருஷம் வெயிலில் நின்ற இரும்பை அப்படியே ஓட்ட முடியாது. தேய்ந்ததை, அரித்ததை மாற்றித்தான் ஆக வேண்டும். அப்போது 155 வயது எதற்கு? இரும்புக்கா, உருவத்துக்கா?

என் பதில் இதுதான்: வயது அந்த வேலைக்கு. குழாயைச் செருகும் விதம், ஆணியைத் தட்டிக் கேட்கும் காது, நெருப்பை ஏற்றும் பொறுமை ஆகியவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு அறுபடாமல் வந்திருந்தால் இஞ்சினும் அதேதான். மண்டபத்தூர் மாதிரி மீனவர் ஊர்களில் இது எல்லோருக்கும் தெரியும். படகில் பலகை மாறும், இஞ்சின் மாறும், பெயர் மாறாது. நாளைக்குக் கடலுக்குப் போயாக வேண்டும் என்பதால் பழுதுபார்க்கிறவர்களுக்கு 'அசல்' என்ற சொல்லின் மேல் பெரிய மயக்கம் இல்லை.

2010இல் பிபிசி இந்திய மலை ரயில்களைப் பற்றி மூன்று பகுதித் தொடர் ஒன்றை ஒளிபரப்பியது. நீலகிரிக்கு ஒரு முழுப் பகுதி. ரயிலோடு அதை நம்பி வாழும் மனிதர்களையும் காட்டிய நல்ல தொடர். ஆனால் மலை ரயிலைப் பற்றி வரும் படங்களில் பெரும்பாலும் பனியும் தேயிலையும் புகையும்தான் நிறைந்திருக்கும். 1928இல் தேர்வு எழுதச் சொல்லி அவமதிக்கப்பட்ட ஃபிட்டருக்கும், இன்று நாம் செல்ஃபி எடுக்கும் இஞ்சினுக்கும் உள்ள உறவை எந்த ட்ரோன் காட்சியாலும் காட்ட முடியாது. கம்பெனி 'உபரி' என்று கணக்கெழுதிய அந்தத் திறன்தான் பிறகு யுனெஸ்கோ பட்டியலில் உள்ள ஒரு ரயிலைக் காப்பாற்றுகிறது. 2005இல் பாரம்பரியச் சின்னம் என்று பெயர் வாங்கியது பாதையும் வண்டியும். அவற்றை ஓட வைத்தவர்களின் கைகளுக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை.

எங்கள் பக்கத்துப் பாதை ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. பேரளத்திலிருந்து திருநள்ளாறு வழியாகக் காரைக்காலுக்கு 1898இல் மீட்டர் கேஜ் ரயில் வந்தது. பிரெஞ்சு மண்ணுக்குள் ஆங்கிலேயர் காலத்து நீராவி இஞ்சின் புகை விட்டுக்கொண்டு நுழைந்த பாதை. 1980களில் அதை மூடித் தண்டவாளத்தையும் பெயர்த்தார்கள். இப்போது அதே தடத்தில் அகலப் பாதை போட்டிருக்கிறார்கள். ரயில் திரும்பி வந்ததில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் அந்தப் பழைய பாதையில் இஞ்சின் ஓட்டியவர், கரி தள்ளியவர், கேட் சாத்தியவர் யார் யார் என்று கேட்டால் சொல்ல ஆளில்லாத நாள் நெருங்கிக்கொண்டிருக்கிறது. பாதையை மறுபடி போடலாம், இஞ்சினையும் பொன்மலையில் மறுபடி செய்யலாம். உங்கள் வீட்டில் ரயில்வேயில் இருந்த தாத்தா யாராவது இருந்தால், அடுத்த முறை டிவியில் இஞ்சின் விசில் ஊதும்போது சத்தத்தைக் குறைத்துவிட்டு அவரிடம் கேளுங்கள். ஈயத் திருகை எப்படி அடைப்பார்கள் என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.