புகையும் ஆவியும்

பழைய சரக்கு புதிய பெயரோடு திரும்பிவருவது வணிக வரலாற்றிற் புதுமையன்று. இன்று மாணவரிடையே பரவிவரும் இலத்திரன் சிகரெட்டை நாம் விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், எழுபது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

1950இல் இங்கிலாந்தின் றிச்சட் டோல், பிரட்போட் ஹில் ஆகிய இருவரும் புகைத்தலுக்கும் சுவாசப்பைப் புற்றுநோய்க்குமுள்ள தொடர்பை எடுத்துக்காட்டினர். மக்கள் அஞ்சினர். அந்த அச்சத்தையே அமெரிக்கப் புகையிலைக் கம்பனிகள் மூலதனமாக்கின. 1952இல் லொறிலாட் கம்பனி 'கென்ற்' என்னும் வடிகட்டிச் சிகரெட்டை வெளியிட்டது. சுகாதாரப் பாதுகாப்பு என விளம்பரங்கள் முழங்கின. 1956 வரை அவ்வடிகட்டியில் இருந்த பொருள் யாது? நீலக் கல்நார்! புற்றுநோயை விளைவிக்கும் பொருளையே புற்றுநோய்க்குக் காவலாக நிறுத்தினர். 1954 ஜனவரியிலோ, மக்கள் நலமே தமது முதற் பொறுப்பென்று கம்பனிகள் கூட்டாக அறிக்கை விடுத்தன. அவை பல்லாண்டுகளாக மக்களை ஏமாற்றின என்று அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் தீர்ப்பளித்தது 2006இற்றான்.

இனி ஆவியின் கதை. சீன மருந்தாளர் ஹொன் லிக் 2003 அளவில் இக்கருவியை அமைத்தார். 2015இல் அமெரிக்காவில் 'ஜூல்' வந்தது. நிக்கொட்டீன் உப்பு வடிவில் இருந்தமையால் தொண்டைக் கரகரப்புக் குறைந்தது. புகைத்தறியாத சிறுவரும் எளிதில் உள்ளிழுத்தனர். அந்நாட்டு உயர்பள்ளி மாணவருள் இலத்திரன் சிகரெட் பாவிப்போர் 2017இல் 11.7 வீதம், 2018இல் 20.8 வீதம். அவ்வாண்டு டிசம்பரில், அமெரிக்காவில் மார்ள்பரோ விற்கும் அல்ற்றியா நிறுவனம் ஜூலின் 35 வீதப் பங்கை 1,280 கோடி டொலருக்கு வாங்கிற்று. நோயை விற்றவர்களே பரிகாரத்தையும் விற்க முன்வந்தனர்!

2019இல் அங்கே புதிய சுவாசப்பை நோயொன்று தோன்றியது. 2020 பெப்ரவரி வரை 2,807 பேர் பீடிக்கப்பட்டனர். 68 பேர் மாண்டனர். கஞ்சாச் சத்துக் கலந்த திரவங்களிற் சேர்க்கப்பட்ட விற்றமின் ஈ அசெற்றேற்றே அதன் முதன்மைக் காரணம் என ஆய்வாளர் கண்டனர். அதனால் நிக்கொட்டீன் ஆவி குற்றமற்றதாகிவிடாது. அது அடிமைப்படுத்தும், வளரும் மூளையைத் தாக்கும். திரவம் சூடேறும்போது போமல்டிகைட்டு முதலிய நச்சுக்களும் பிறக்கின்றன.

சிகரெட்டை முற்றாகக் கைவிட்டு இதற்கு மாறுபவர் உட்கொள்ளும் நச்சு குறையும் என்பது உண்மையே. ஆனால், குறைந்த தீங்கு தீங்கின்மையன்று. புகைத்தே அறியாத மாணவனுக்கு அது முழு நட்டம்.

கல்நார் வடிகட்டியை நம்பியவர்களுக்கு உண்மை பிந்தியே கிடைத்தது. நமது மாணவருக்கு அது முந்திக் கிடைக்கவேண்டும். இந்த ஆவியால் இலாபமடைபவன் யார் என்ற வினாவை வகுப்பறையில் எழுப்புவோம்.